பையில் போன ரெகுலேட்டர்

அக்கா,

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்று முதலில் நினைத்தேன். அடுத்த நொடியே, இல்லை, யாரோ வேண்டுமென்றே ஜன்னல் வழியாக எதையோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி உனக்குத் தெரியாததா? எலியைவிட மனிதர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் சீக்கிரம் வரும். அது கேஸ் என்று கடைசியில்தான் உறைத்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் ரெகுலேட்டரைத் திருப்பி மூடினேன். சுவிட்சைத் தொடவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் டியூஷனிலிருந்து வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவர்கள் எனக்கு முன்னால் வந்து லைட்டைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது.

"கேஸ் நாத்தம் வருதுடி. டியூப்ப மாத்து."

நீ உயிரோடு இருந்தபோது இதை ஒரு தடவையா சொன்னாய்? ஒரு தடவையாவது நான் நம்பினேனா?

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதத்தில் உன்னைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை. பேசினால் எது வெளியே வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை. படித்தாலும், "இவ எதுக்கோ அடி போடுறா" என்றுதான் சொல்வாய். சந்தேகத்தில் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள், அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

சோரியாங்குப்பத்து வீட்டை அண்ணனுக்கும் தம்பிக்குமாகப் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் உனக்கு நினைவிருக்கும். செங்கல் போதவில்லை என்று ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழத்தோடு நிறுத்திவிட்டார்கள். "அப்பறமா ஏத்திக்கலாம்" என்று உன் வீட்டுக்காரரும் சொன்னார், என் வீட்டுக்காரரும் சொன்னார். ஏற்றவே இல்லை. கூரை பொது. அதற்குக் கீழே காற்று பொது. உன் வீட்டில் கருவாடு வறுத்தால் என் பிள்ளைகள் இரண்டு வாய் சோறு கூடத் தின்னும். என் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று நீ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எண்ணிக்கொண்டிருப்பாய். "துவரம்பருப்புக்கு இன்னாத்துக்குடி ஆறு விசிலு? காலைலயே ஊற வெச்சா ரெண்டுல வெந்துட்டுப் போவுது. கேஸ் விக்கிற வெலைல விசிலு வுடுறா பாரு விசிலு."

கேஸ் விலை நம் இருவர் வீட்டையும் ஆட்டிவைத்த காலம் அது. டிவியில் விலை ஏறியது என்று ஒரு தடவை சொல்வார்கள், மூச்சு விடுவதற்குள் மறுபடி ஏறும். மானியம் வங்கியில் விழுந்தது என்பார்கள், அது எப்போது விழுந்தது, எப்படிக் கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. நீ அன்றைக்கே சிலிண்டரை மூலையில் தள்ளிவிட்டுப் பின்கட்டில் விறகடுப்பை மூட்டினாய். சவுக்கு மிளாறு, தென்னை மட்டை, கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் எரித்தாய். குளிக்கிற வெந்நீருக்கு அலுமினியக் குண்டானைக் காலையிலேயே வெயிலில் வைத்துவிடுவாய். நான் சோற்றை முக்கால் வேக்காட்டில் இறக்கி, பழைய போர்வையில் சுற்றி வைக்கக் கற்றுக்கொண்டேன். சிலிண்டர் மாட்டிய தேதியை அடுப்பங்கரைக் கதவின் பின்பக்கம் கரியால் எழுதி வைப்பேன். எத்தனை நாள் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சிலிண்டர் கொண்டுவருகிறவரை நீ படுத்திய பாடு இந்தத் தெருவுக்கே தெரியும். மூடியில் சீல் உடைந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்ப்பாய். எடை போட்டுக் காட்டச் சொல்வாய். அவர், "மெஷின்ல பேட்டரி பூட்ச்சிம்மா" என்பார். ஒரு நாள் அதே நேரத்தில் பழைய இரும்பு வாங்குகிறவர் தள்ளுவண்டியோடு தெருவில் வந்தார். நீ விடவில்லை. அவர் தராசில் சிலிண்டரைத் தொங்கவிட வைத்தாய். முள் சரியாக நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. சிலிண்டர்காரர் ஜெயித்த முகத்தோடு உன்னைப் பார்த்தார். நீ சிலிண்டரை உருட்டிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாய். நான் பின்னாலேயே வந்து, "இன்னாக்கா, சரியாத்தான கீது?" என்று கேட்டேன்.

நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "லூசு. இரும்புக்காரன் தராசு எந்தக் காலத்துல சரியா காட்டிச்சி? பத்து கிலோவ எட்டுன்னுதான் காட்டும். அதுலயே சரியா நிக்குதுன்னா இதுல கேஸ் கூட கீதுன்னு அர்த்தம். அவன் கண்டுபுடிக்கறதுக்குள்ள உள்ள வெச்சிட்டேன்."

அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு. அப்படி ஒருத்தியோடு சிரித்தவள் அதே ஒருத்தியைத் திருடி என்று எப்படி நினைத்தேன் என்று நேற்றுப் படியில் உட்கார்ந்து யோசித்தேன். நினைத்தேன் அக்கா. நன்றாகவே நினைத்தேன்.

கடலூர் ரோட்டு ஊதுபத்தி கம்பெனிக்கு நான் பேக்கிங் வேலைக்குப் போன இரண்டாவது வருஷம். காலையில் வேன் ஹாரன் அடித்தால் எதைப் போட்டது போட்டபடி ஓடுவேன். அடுப்பின் திருகை மூடுவதோடு சரி, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடும் பழக்கமே எனக்கு அப்போது கிடையாது. பிள்ளைகள் பள்ளிவிட்டு எனக்கு முன்னால் வருவார்கள் என்பதால் வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கும். உன் கால் புண் அந்த வருஷம்தான் ஆரம்பித்தது. சர்க்கரைப் புண். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மருந்து வைத்து, வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

நாற்பத்தைந்து நாள் வந்துகொண்டிருந்த என் சிலிண்டர் முப்பத்தைந்து நாளில் நின்றது. அடுத்தது அதைவிடக் குறைந்தது. முதலில் சிலிண்டர்காரரைச் சந்தேகப்பட்டேன். பிறகு, மத்தியானம் வந்து ஆம்லெட் போட்டுத் தின்கிறாரோ என்று என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர் கொத்து வேலைக்கு வில்லியனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார், மத்தியானம் வர வழியே இல்லை. மிச்சம் இருந்தது யார்? சாவி வைத்திருந்தவள். நொண்டிக்கொண்டு விறகடுப்பை ஊத முடியாதவள். தினமும் வெந்நீர் தேவைப்படுகிறவள். கணக்குச் சரியாக வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் நீ முதல் தடவை சொன்னாய். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சாதாரணமாக. "ஏண்டி, பகல்ல உன் வூட்லேர்ந்து கேஸ் நாத்தம் வருதுடி. டியூப்ப மாத்து." நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எட்டு மணி நேரம் சந்தனத்திலும் மல்லிகையிலும் ஊறிக் கிடந்த மூக்கு அது. என் பிள்ளை காய்ச்சலில் வாந்தி எடுத்தபோதுகூட எனக்கு வாடை தெரியவில்லை. ஆனால் நான் என் மூக்கைச் சந்தேகப்படவில்லை. எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் விட்டுவிட்டேன். உன் வார்த்தையைக் கேட்டதும், ஓகோ, முன்கூட்டியே சாக்குச் சொல்லி வைக்கிறாயா என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ரெகுலேட்டரின் திருகு மேல் கோலமாவைத் தூவிவிட்டு வேலைக்குப் போனேன். நல்ல மெல்லிய மாவு, சல்லடையில் சலித்தது. சாயங்காலம் வந்து குனிந்து பார்த்தபோது மாவில் விரல் தடம் இருந்தது. அதோடு, நான் திறந்தபடி விட்டுப்போன ரெகுலேட்டர் மூடியிருந்தது. புத்தியுள்ளவள் என்ன கேட்டிருப்பாள்? திருட வந்தவள் எதற்காக மூடிவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் எவ்வளவு பத்திரமாக மூடிவைத்திருக்கிறாள் பார், கைதேர்ந்தவள் என்று நினைத்தேன்.

உன்னிடம் நேராகக் கேட்டேனா? நம் வீட்டில் யார் நேராகப் பேசினோம்? ஜாடை பேசப் பூனையைப் பிடித்துக்கொண்டேன். சுவர் ஓரமாக நின்று, உனக்குக் கேட்கிற மாதிரி, "ஏய் திருட்டுப் பூன, வூட்டுக்காரி இல்லாத நேரத்துல உள்ள பூந்து மேயிறியா? உனுக்கு உன் வூட்ல இல்லாததா?" என்றேன். பிறகு நீ உன் கோழியிடம் பேசினாய். "நல்லதுக்குக் காலமில்ல கோழி. நீ உன் பொழப்பப் பாரு. மடில கனம் இல்ல, எனுக்கு வழில இன்னா பயம்?"

அந்த ஜாடைப் பேச்சை நாம் இருவரும் எவ்வளவு அழகாகச் செய்வோம். அந்த ஒரு தடவை மட்டும் உனக்கு வாய் வந்து, "அடியே, டியூப்பு வெடிச்சிருந்துச்சு, நான்தான் வந்து மூடினேன்" என்று கத்தியிருக்கக் கூடாதா? இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, நீ கத்தியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாளிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். சிலிண்டர் வீட்டில், ரெகுலேட்டர் என்னோடு வேனில். இனிமேல் எப்படி வெந்நீர் போடுகிறாய், பார்க்கலாம். ஊறுகாய் பாட்டிலுக்கும் சோற்று டப்பாவுக்கும் நடுவில் அது கிடந்து கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்தச் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது தெரியுமா? நாற்பத்தெட்டு. கதவுக்குப் பின்னால் எழுதியிருந்ததை என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். "பாத்தியா? ரெகுலேட்டர் என் கைல வந்துச்சி, சிலிண்டரு நாப்பத்தெட்டு நாளு நிக்குது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" அவர் தலையைச் சொறிந்தார். "அண்ணி அப்புடிப்பட்டவங்க இல்லடி" என்றார். சொல்லிவிட்டு அவரும் கதவை மறுபடி பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கும் கொஞ்சம் சந்தேகம் ஒட்டிக்கொண்டதை நான் கவனித்தேன். சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷப்பட்டேன்.

பிறகு கம்பெனியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பை கவிழ்ந்து ரெகுலேட்டர் தரையில் உருண்டது. நாற்பது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தாலிய வூட்ல வுட்டுட்டு ரெகுலேட்டர எடுத்துனு வந்துகீறா" என்றாள் ஒருத்தி. நம் தெருவிலிருந்து வந்த ஒருத்தியும் அங்கே இருந்தாள். அன்று சாயங்காலமே அது உன் காதுக்கு வந்திருக்கும்.

மறுநாள் காலை நீ நொண்டி நொண்டி என் வாசலுக்கு வந்தாய். சுவருக்கு மேலாகப் பேசவில்லை, கோழியிடம் பேசவில்லை. சாவியை நீட்டினாய்.

"இந்தா. இனிமே எதுர் வூட்ல குடுத்துட்டுப் போ."

"ஏங்கா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"ரெகுலேட்டரே உன் கைல கீது. சாவி என் கைல இன்னாத்துக்கு?"

நான் வாங்கிக்கொண்டேன். நீ திரும்பி இரண்டு அடி போய் நின்றாய். "டியூப்ப மட்டும் மாத்திடு. புள்ளைங்க கீற வூடு." முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடிபட்டவள் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கட்டும் என்று பேசுகிறாள், பேசிவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டேன். என் பெருந்தன்மையைத் தூக்கி உடைப்பில்தான் போடவேண்டும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாம் பேசாமல் இல்லை. பொங்கல் கொடுத்தோம், தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொண்டோம். குக்கர் விசிலை மட்டும் நீ எண்ணுவதை நிறுத்திவிட்டாய். அது இல்லாதது எனக்கு எவ்வளவு குறையாக இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் கால் புண் மேலே மேலே ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, விரலை எடுத்து, பிறகு காலை எடுக்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது நான் கஞ்சி காய்ச்சி பிளாஸ்கில் எடுத்து வந்தேன். உன் மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ கண்ணைத் திறக்காமல் இரண்டு வாய் குடித்தாய். கேஸில் காய்ச்சியதா, விறகில் காய்ச்சியதா என்று கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ கேட்டது வேறு.

"டியூப்ப மாத்தினியா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த நிலைமையிலும், பெற்ற மகள் எதிரில், குத்திக் காட்டுகிறாளே என்று நினைத்தேன். "மாத்திட்டேங்கா" என்றேன். பச்சைப் பொய். நீ தலையை ஆட்டினாய். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாய். உன்னிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

நீ போன பிறகு நான் ரெகுலேட்டரைக் கழற்றவில்லை. யாருக்காகக் கழற்றுவது? உன் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மண்ணாடிப்பட்டுப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது சாவியை என்னிடம்தான் கொடுத்தார், பாவம் மனுஷர். ஊதுபத்தி கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள், நான் பாகூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன். நாலு மாதத்தில் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. புதுத் துணியின் கஞ்சி வாடை தெரிந்தது, மழைக்கு முந்தின மண் வாடை தெரிந்தது. இதற்கிடையில் போன சிலிண்டர் முப்பத்தெட்டு நாளில் தீர்ந்தது. நீ இல்லை, அப்புறம் யார் எடுத்தது? அந்தக் கேள்வி எனக்கு வந்தது அக்கா. வந்ததும் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, விலை ஏறினால் எடையும் குறையும்தானே என்று சிலிண்டர்காரர் மேல் பழியைப் போட்டேன். இரும்புக்காரர் தராசு கிடைக்குமா என்றுகூடத் தெருவில் விசாரித்தேன்.

இன்று காலை கேஸ் ஆபீசிலிருந்து ரிப்பேர் பார்க்கிற ஒருவர் வந்தார். சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், நல்ல டியூப்பைக் கெட்டது என்று சொல்லிப் புது டியூப் விற்றுவிடப் போகிறாரோ என்று. அவர் அடுப்பை முன்னால் இழுத்து, சுவரோரம் டியூப் வளைகிற இடத்தைத் திருப்பினார்.

"இன்னாம்மா இது, டியூப்புக்குக் கட்டு போட்டு வெச்சிகீறீங்க? அடி கிடி பட்டுச்சா?" என்று சிரித்தார்.

எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறிக் கறுத்துப்போன ஒரு துணிச் சுற்று. அவர் நகத்தால் உரித்தார். மேல் சுற்றுதான் கறுப்பு. உள்ளே வெள்ளை. உன் காலில் ஒட்டுவாயே, அந்தத் துணிப் பிளாஸ்திரி. ஆறு ஏழு சுற்று, இறுக்கி, ஓரம் மடித்து, கத்தரியால் நேராக நறுக்கி. என் வீட்டில் அந்தப் பிளாஸ்திரி ஒருநாளும் இருந்தது கிடையாது. அதற்கு அடியில் டியூப்பில் வெடிப்பு, சுண்டு விரல் நீளத்துக்கு.

"ரொம்ப நாளு வெடிப்பும்மா. இப்புடிச் சுத்தறது தப்பு. ஆனா சுத்தினதாலதான் இத்தினி நாளு தாங்கிச்சி. இப்ப பசை காஞ்சி வுட்டுப் போச்சி. ரெகுலேட்டர் தொறந்தே கெடந்தா பகலெல்லாம் இதுலயே போவும், சிலிண்டரும் நிக்காது. யாரு சுத்தினது?"

அவர் போன பிறகு அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. கோலமாவில் விரல் தடம் பதிந்த நாள், நீ நாற்றம் தாங்காமல் சாவி போட்டுத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, புண் காலோடு குனிந்து இந்தக் கட்டைப் போட்டிருக்கிறாய். கசிவு நின்றது. நான் வேறு ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு போனேன், பகலில் சொட்டுக்கூடப் போக வழியில்லை. அதனால் சிலிண்டர் நாற்பத்தெட்டு நாள் நின்றது. அதையே நீ திருடியதற்குச் சாட்சியாகக் கதவில் எழுதி வைத்தேன்.

இதோடு முடித்திருந்தால் நான் நல்ல பெண்பிள்ளை. முடிக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், உன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். எதற்கு? உறுதிப்படுத்திக்கொள்ள. நீ போட்ட கட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் எனக்கு உறுதி தேவைப்பட்டது. உன் மருந்து டப்பாவில் அந்தப் பிளாஸ்திரி உருளை இருந்தது, பக்கத்திலேயே கத்தரி. அடுப்பங்கரை மூலையில் உன் சிலிண்டர், சாக்கு போர்த்தி. சாக்கை விலக்கிப் பார்த்தேன். சீல் உடையாத முழு சிலிண்டர். மகள் வந்தால், விருந்தாளி வந்தால் என்று நீ தொடாமலே வைத்திருந்தது.

பார்த்ததும் முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? உன்னிடம் மறைக்க மாட்டேன். முழு சிலிண்டரை வைத்துக்கொண்டு என் கேஸை எதற்குத் தொடப்போகிறாள் என்று நினைக்கவில்லை. என் கேஸை எடுத்ததால்தான் இவள் சிலிண்டர் முழுசாக நிற்கிறதோ என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியில் அங்கேயே, உன் அடுப்புக்கு எதிரில், என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அழுதேன். சத்தமாகவே அழுதேன். சுவருக்கு என் பக்கத்தில் அந்த நேரத்தில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

ஒரே ஒரு நாளாவது என் அடுப்பில் நீ வெந்நீர் போட்டாயா அக்கா? போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் காலுக்கு நானே தினமும் ஒரு சொம்பு சூடு பண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். என்ன பெரிய கேஸ் தீர்ந்திருக்கும்? விலை ஏறியது, ஏறியது என்று சொல்லிச் சொல்லி, எதை மிச்சம் பிடிப்பது என்ற விவஸ்தை போய்விட்டது.

இப்போதெல்லாம் நீ சொன்ன மாதிரி பருப்பைக் காலையிலேயே ஊற வைக்கிறேன். இரண்டு விசில்தான். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, ரெகுலேட்டரை மூடினேனா என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடி வரப்போகிறவள் நான் என்று எனக்கே தெரியும். உன் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. நாற்றம் வந்தால் சுவருக்கு மேலே கத்துவதற்கு ஆள் இல்லை. இனி மூக்கும் நானேதான், கையும் நானேதான்.

காலையில் கிளம்புவதற்கு முன் ரிப்பேர்காரர் பழைய டியூப்பைச் சுருட்டித் தன் பையில் போடப் போனார். "அத குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். அதற்கும் காசு கொடுக்கிறார்களோ என்று ஒரு நொடி அவரைச் சந்தேகப்பட்டதும் உண்மை. உன் கட்டு இருக்கிற துண்டை மட்டும் அறுத்து எடுத்து, சாப்பாட்டுப் பையில், முன்பு ரெகுலேட்டர் கிடந்த இடத்தில் போட்டிருக்கிறேன். அது சத்தம் போடாது. நானாகக் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டியூப்பை மாத்திட்டேங்கா. இந்தத் தடவை பொய் இல்லை.

நீ எங்கே நம்பப்போகிறாய். "எங்க, காட்டு" என்பாய். காட்டுவதற்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.